செய்தி கேட்ட பற்றரிகள்

சண்டை நடந்த, வன்னிக்குள் ரோச்சுக்கும் வானொலிக்கும் போடும் பற்றரி கொண்டுவரத் தடை இருந்த காலம். மண்ணெண்ணெயும் அரிது. கண்டாவளைக்கு அப்பால், நான் படிப்பித்த நீரேரிக்கரைக் குடியிருப்பில் உயிருள்ள பற்றரிகள் இரண்டே மிஞ்சியிருந்தன. மகளின் காய்ச்சலுக்கு மருந்து வாங்க வள்ளத்தில் அக்கரை புறப்பட்ட முருகையா, அவற்றை ரோச் லைற்றில் இட்டு என்னிடம் தந்தார்.

"மாஸ்ரர், பொழுதுபட்டால் கரையில நிண்டு ரோச்சை அடியுங்கோ. வெளிச்சத்தைப் பாத்துத்தான் வள்ளத்தை வலிப்பன்."

"ஓம், பயப்பிடாமப் போட்டு வாங்கோ."

அவர் வருமுன் செய்தி கேட்கலாம் என்று பற்றரிகளை வானொலியில் போட்டேன். செய்தி முடிந்தும் நிறுத்த மனம் வரவில்லை, பாட்டுக் கேட்டேன். இருட்டியதும் பற்றரிகளைத் திரும்ப ரோச்சில் போட்டு அடித்தேன்; அது சற்றே சிவந்து அணைந்தது. நீரேரியில் முருகையா கூப்பிடும் குரல் விலகிக்கொண்டே போனது.

என் வானொலிச் சத்தம் வீடுவரை கேட்டிருந்த அவர் மனைவி செல்லம்மா கரைக்கு ஓடிவந்தார். தான் சமைக்கும் குசினியின் கூரையில் வேய்ந்திருந்த தென்னோலைக் கிடுகுகளை இழுத்துக் கரையில் குவித்துக் கொளுத்தினார். அந்த நெருப்பைப் பார்த்தே வள்ளம் திரும்பியது.

மாரி தொடங்கவிருந்தது. மகளுக்கு மருந்து கொடுத்தபின், கூரையின்றித் திறந்துகிடந்த குசினி வாசலில் நின்று செல்லம்மா கேட்டார்:

"செய்தியில என்ன மாஸ்ரர் சொன்னவங்கள்? சண்டை நிக்குமாமோ?"

அதில் குத்தல் இல்லை. அறியும் ஆவல் மட்டுமே இருந்தது. எனக்கோ, கேட்ட செய்தியில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை.