ஒன்பது குச்சி

துணிக்கடையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நெட்டை என்றால்தான் திரும்புவார். மேல்தட்டிலிருக்கும் துணிக்கட்டுகளை ஸ்டூல் போடாமல் எட்டி எடுக்கிற ஒரே ஆள் அவர்தான். எடுக்கும்போதே பேச்சும் ஓடும். சட்டைத் துணிக்கு வந்தவர் தலையில் திரைச்சீலையையும் சேர்த்துக் கட்டி அனுப்புவார். "நெட்டை வாயைத் திறந்தா நம்ம பர்ஸும் தானா திறந்துக்குது" என்று வாடிக்கையாளர்களே சிரிப்பார்கள்.

ஐம்பத்திரண்டாவது வயதில் நாக்கோரத்தில் ஒரு புண் வந்தது. கடைவாய்ப் பல் குத்துகிறது என்று மூன்று மாதம் தள்ளிப்போட்டார். புற்றுநோய் என்று தெரிந்தபோது அது கழுத்துக்கு இறங்கியிருந்தது. நாக்கில் பாதியை எடுத்தார்கள். கழுத்தின் வலப்பக்கத்தைத் திறந்து நோய் பரவிய கட்டிகளை அகற்றினார்கள். அப்புறம் ஆறு வாரம் கதிர்வீச்சு. உயிர் தப்பியது. ஆனால் கழுத்தில் நரம்பு அடிபட்டதில் வலது தோள் தொங்கிப்போயிற்று. வாய்க்குள் ஒரு விரல் நுழைவதே பெரும்பாடு.

ஆஸ்பத்திரிப் பயிற்சி அறையில் பிசியோதெரபிஸ்ட் ஒரு சின்ன வயதுப் பெண். ஐஸ்கிரீம் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அவர் பற்களுக்கு நடுவில் நுழைத்தாள். ஆறு குச்சிக்கே கண்ணில் நீர் முட்டியது.

"அப்படியே அரை நிமிஷம் பிடிங்க சார். தினம் அஞ்சு வேளை. கைக்கு, சுவத்துல விரலை வச்சு நண்டு மாதிரி மேல ஏத்துங்க. எட்டுற இடத்துல பென்சில் கோடு போட்டுடுங்க."

சமையலறைச் சுவரில் கோடுகள் ஏறின. மனைவி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்பார். "பதினொண்ணு! நேத்து பத்துதான் போச்சு!"

"சம்பளம் ஏறலைன்னாலும் குச்சி ஏறுது" என்றார் அவர். அந்தக் குழறல் மனைவிக்கு மட்டும்தான் புரியும். விழுந்து விழுந்து சிரித்தார்.

எட்டு மாதத்தில் பதின்மூன்று குச்சி. கை காது உயரத்துக்கு வந்தது. கடைக்குத் திரும்பினார்.

"கொஞ்ச நாள் உக்காந்து துணி மடிங்க, போதும்" என்றார் முதலாளி.

இரண்டாவது வாரம், நல்ல கூட்டம். ஒரு பெண்மணி மேல்தட்டிலிருந்த நீலத் துணியைக் காட்டி எடுக்கச் சொன்னார். மற்றவர்கள் கை ஒழியவில்லை. நெட்டை எழுந்தார். நுனிக்காலில் நின்று, பழக்கப்பட்ட வலது கையையே நீட்டி, அதன் முழங்கையை இடது கையால் தாங்கித் தூக்கினார். விரல் பட்டது. இழுத்தார். நான்கு கட்டுகள் சரிந்து அந்தப் பெண்மணியின் தோளில் விழுந்தன.

மன்னிச்சுக்கோங்க என்றுதான் சொன்னார். வாயிலிருந்து வந்தது வேறு ஏதோ சத்தம், கூடவே எச்சில்.

பெண்மணி முதலாளியிடம் திரும்பினார். "இந்த ஆள் குடிச்சிருக்காரா?"

மறுநாளிலிருந்து அவருக்குப் பின்கட்டிலிருக்கும் குடோனில் வேலை. "அங்க உங்களை யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க" என்றார் முதலாளி. நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்.

அன்றோடு பயிற்சியை விட்டார். மனைவி கெஞ்சினார், சண்டை போட்டார், இரண்டு நாள் பேசாமல்கூட இருந்து பார்த்தார். ஒரு மாதம் கழித்து ஸ்பூன் பல்லில் இடிக்கத் தொடங்கியதும் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனார். பிசியோதெரபிஸ்ட் அளந்தாள். ஒன்பது.

"கதிர்வீச்சு பட்ட சதை வருஷக்கணக்கா இறுகிக்கிட்டேதான் இருக்கும் சார். விட்டதைப் பிடிக்க முடியுமான்னு எனக்குத் தெரியலை. செஞ்சீங்கன்னா இந்த ஒன்பதாவது நிக்கும்."

"எத்தனை நாளைக்கு?" என்று கேட்டார் மனைவி.

"இருக்கிறவரைக்கும்மா."

நெட்டை ஏதோ சொன்னார். புரியாமல் அந்தப் பெண் மனைவியைப் பார்த்தாள்.

"செய்றேன்னு சொல்றார்" என்றார் மனைவி.

அவர் சொன்னது, "போதும், விட்டுடுங்க."

ஆனாலும் செய்கிறார். விடிந்ததும் குச்சிக்கட்டோடு எதிரில் வந்து நிற்கிற மனைவியை மறுக்கத் தெம்பில்லை. வலிக்கிறது, ஒன்பதைத் தாண்டுவதில்லை. பிறகு குடோனுக்குப் போகிறார். எந்தத் துணி வேண்டுமென்று எழுதிய சீட்டைச் சன்னலில் வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமலே திரும்பிப் போகிறார்கள் கடை ஆட்கள்.