நாலாம் வட்டாரத்துப் பைப்

கண்டலடிக் கிராமச்சங்கத்துக்கு, கரைப் பக்கமான நாலாம் வட்டாரத்திலிருந்து மரியநேசன் அங்கத்தவராகத் தெரிவானபோது கரையில் யாரும் வெடி கொளுத்தவில்லை. போட்டிக்கு வேறு ஆளே இல்லை. கடலுக்குப் போகிறவனுக்கு மாதத்தில் ஒரு நாள் சட்டை மாட்டிக்கொண்டு கூட்டத்தில் குந்தியிருக்க நேரம் ஏது? ஆனாலும் மனிதருக்கு உள்ளுக்குள் ஒரே புளுகம், பெருமை பிடிபடவில்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். கரையில் யாருக்குக் கடிதம் வந்தாலும் வாசித்துச் சொல்வதும், மனு எழுதிக்கொடுப்பதும் அவர்தான். கெட்டவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. கெட்டவர்களுக்குத்தான் காரியங்கள் ஒழுங்காக முடிந்துவிடுகின்றனவே!

அவர் சங்கத்துக்குப் போனது ஒரேயொரு காரியத்துக்காக. ஊருக்கு இருந்தது ஒரு நல்லதண்ணிக் கிணறு. கடைத்தெருவுக்குப் பின்னால் மணல் மேட்டில் இருந்தது. கரையிலிருந்து அரை மைல், அதுவும் வெறும் சுடுமணல். அவருடைய மனைவி அற்புதம் ஐந்து மாதப் பிள்ளைத்தாச்சியாக இருந்தபோது இடுப்பில் குடத்தோடு அந்த மணலில் விழுந்தாள். பிள்ளை தங்கவில்லை. அதற்குப் பிறகு வேறு பிள்ளை உண்டாகவுமில்லை. அவள் இரண்டு கிழமை கழித்துக் குடத்தை எடுத்துக்கொண்டு பழையபடி நடந்தாள். அன்றிலிருந்து மரியநேசனுக்கு ஒரே நினைப்புத்தான். கரைக்கு ஒரு பைப் வரவேண்டும், அற்புதம் வாசலடியில் நின்று தண்ணீர் பிடிக்கவேண்டும்.

அந்தக் கிணற்றின் குணம் கரைப் பெண்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்புக் களப்பு, நடுவில் மணல். மழைத்தண்ணீர் மணலுக்குள் இறங்கி உப்புத்தண்ணீருக்கு மேலே மெல்லிய ஆடையாகக் கிடக்கிறது; அதை வழித்தெடுத்துவிட்டால் அடியிலுள்ள உப்பு மேலே ஏறிவிடும். அதனால் அந்தக் கிணற்றுக்குத் துலா போடுவதில்லை. பனையோலைப் பட்டையைக் கயிற்றில் விட்டு மேல்தண்ணீரை மட்டும் மொள்ளவேண்டும். வேதக் கோயிலில் மத்தியான மணி அடித்தால், திரும்ப ஊறட்டும் என்று பொழுது சாயும்வரை யாரும் பட்டையை இறக்கக் கூடாது. கலியாண வீடானாலும் சரி, செத்தவீடானாலும் சரி. பட்டை அடியில் தட்டுகிற சத்தம் கேட்டால் கிழவிகள் கிழிகிழியென்று கிழித்துவிடுவார்கள்.

சங்கத்துச் சேர்மன் கனகலிங்கத்துக்கு இது ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் அவருக்கு விருப்பமில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் காணி எடுத்து வந்து, பத்து வருஷத்தில் நெல் ஆலையும் கடையும் வைத்துவிட்ட மனிதர். அறுபத்தொன்றாம் ஆண்டு, கொழும்புக் கொம்பனி ஒன்றின் முகவர் வழவழப்பான படப் புத்தகத்தோடு அவரிடம் வந்து சேர்ந்தார். எண்ணெயில் ஓடுகிற நீர் இறைக்கும் எஞ்சின், தாங்கி, பைப்புகள் எல்லாம் சேர்த்து ஒரே கொள்முதல். சங்கத்து வேலைகளை மேற்பார்க்கிற ஓவசியர் கைப்பம்பி ஒன்று போதும் என்று எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளை யார் பார்த்தது? பக்கத்துச் சங்கத்தில் ஐந்து குதிரைவலு எஞ்சின் நிற்கிறது. ஆகவே கண்டலடிக்கு எட்டுக் குதிரைவலு வேண்டும்! எத்தனை குடும்பம், எவ்வளவு தண்ணீர், கிணறு தாங்குமா என்ற கணக்கு ஒன்றுமில்லை. படப் புத்தகம் அங்கத்தவர்கள் கையில் ஒரு சுற்று வந்தது. ஒருவர் மட்டும் எஞ்சின் என்ன நிறத்தில் வரும் என்று கேட்டார். பச்சை என்றார் முகவர். எல்லோருக்கும் திருப்தி.

சங்கத்தில் ஒன்பது பேர். நாலு பேர் எஞ்சினுக்கு. மற்ற நாலு பேர், அந்தக் காசில் தங்கள் வயலுக்கு வண்டிப்பாதை போடவேண்டும் என்று நின்றார்கள். மிச்சம் மரியநேசன்.

கூட்டத்துக்கு முதல்நாள் சேர்மன் ஆளனுப்பி அவரை வீட்டுக்கு அழைத்தார். அந்த வீட்டு விறாந்தையில் அவருக்கு ஒரு கதிரையும் கிடைத்தது. மீன் கொண்டுபோய்க் கொடுத்த இத்தனை வருஷத்தில் குசினி வாசலைத் தாண்டாத மனிதர், கதிரை நுனியில் ஒட்டிக்கொண்டு இருந்தார்.

"நீர் கையை உயர்த்தும். முதல் பைப் கடைத்தெருவுக்கு, ரெண்டாவது உம்முடைய வட்டாரத்துக்கு. கோயிலடியில் வைச்சுத் தாறன்," என்றார் சேர்மன்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அற்புதம் மீன் அரிந்துகொண்டிருந்தாள். அரிவதை நிறுத்தாமலே, "பைப் வரட்டும். ஆனா அந்தக் கிணத்தை ஒட்ட இறைக்க விடாதேங்கோ," என்றாள்.

அவர் மறக்கவில்லை. மறுநாள் கூட்டத்தில் எழுந்து, நாக்குத் திக்கத் திக்க, மத்தியானத்துக்குப் பிறகு எஞ்சினை நிறுத்தவேண்டும், அடிவரை இறைக்கக் கூடாது என்று சொன்னார். சேர்மன் பெருந்தன்மையாகத் தலையாட்டினார். லிகிதர் 'குறித்துக்கொள்ளப்பட்டது' என்று கூட்டக் குறிப்பில் எழுதினார். மரியநேசன் அந்த ஒரு சொல்லை நம்பிக் கையை உயர்த்தினார். அட அப்பாவி மனிதரே! குறித்துக்கொள்வது என்றால் இனி அந்தப் பேச்சு வேண்டாம் என்று அர்த்தம் என்று அவருக்கு யார் சொல்லிக்கொடுப்பது?

எஞ்சின் வந்தது. பச்சை நிறந்தான். ஆரம்ப விழாவுக்குப் பந்தல், மேளம், வடை, தேத்தண்ணி. யாழ்ப்பாணத்துக் கிணறுகள் கல்லைப் பிளந்து வெட்டியவை. அங்கே வருஷத்துக்கு ஒருமுறை கிணற்றை அடிமட்டும் இறைத்துச் சேறு வாரினால்தான் ஊற்றுக் கண் திறக்கும். சேர்மன் அறிந்த கிணறு அதுதான். புது எஞ்சினின் பெலத்தையும் சனத்துக்குக் காட்டவேண்டும், கிணற்றையும் சுத்தம் செய்யவேண்டும் என்று, ஒட்ட இறைக்கச் சொல்லி உத்தரவு போட்டார். மத்தியான மணி அடித்தது. எஞ்சின் நிற்கவில்லை. மரியநேசன் ஓடிப்போய் ஐயா ஐயா என்று கையைப் பிடித்தார். எஞ்சின் சத்தத்தில் அவருடைய திக்குவாய்ப் பேச்சு யாருக்குக் கேட்கும்? சேர்மன் அவரைச் சந்தோஷத்தில் வந்தவர் என்று நினைத்து முதுகில் தட்டிக்கொடுத்தார். பின்னேரம் கிணற்றின் அடிமணல் தெரிந்தது. சனம் கைதட்டியது. கரைப் பெண்கள் மட்டும் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார்கள்.

ஒரு கிழமையில் தண்ணீர் சப்பென்று ஆனது. ஒரு மாதத்தில் கரித்தது. பிறகு சோறு வெந்தால் உப்புப் போடத் தேவையில்லை என்று கடைக்காரர்கள் பகிடி விட்டார்கள். பகிடியெல்லாம் சேர்மனின் கடைக்குத் தேத்தண்ணி குடிக்க ஆள் வராமல் போகும் வரைதான். அதற்குப் பிறகு சங்கம் அவசரமாகக் கூடி ஒரு தீர்மானம் போட்டது. கரையிலிருந்து இரண்டரை மைல் உள்ளே, வயல் பக்கத்துக் கிணற்றிலிருந்து உழவு மெசின் பெட்டியில் பீப்பாய் வைத்துக் கடைத்தெருவுக்குத் தண்ணீர் கொண்டுவருவது. கடைத்தெருவுக்கு மட்டும்.

ஆனால் சேர்மன் சொன்ன சொல் தவறாதவர். பைப்புகள் வாங்கியாயிற்று, புதைக்காவிட்டால் மேலிடத்தில் கேள்வி வரும். ஆகவே கரைக்குப் பைப் வந்தது. கோயிலடியில், மரியநேசன் வீட்டு வேலியிலிருந்து இருபது அடி. திறந்துவைக்கப் பகுதிக் காரியாதிகாரி டி.ஆர்.ஓ. ஐயாவே வந்தார். மாலை போட்டார்கள். படம் பிடித்தார்கள். டி.ஆர்.ஓ. குழாயைத் திருகிவிட்டு, வட்டாரத்து அங்கத்தவர் முதலில் குடிக்கட்டும் என்று மரியாதையாக ஒதுங்கி நின்றார்.

மரியநேசன் இரண்டு கையையும் ஏந்தி ஒரு மிடறு குடித்தார். கடல் தண்ணீர் போலக் கரித்தது. எதிரே கரைச் சனம் முழுக்க நின்றது, அற்புதம் குடத்தோடு முன்வரிசையில் நின்றாள். மாரி பெய்தால் கிணறு தெளிந்துவிடும் என்று அந்த நிமிஷத்தில் அவர் தனக்குள் சொல்லிக்கொண்டார். இத்தனை பெரிய மனிதர்கள் மாலையோடு நிற்கிற இடத்தில் உப்பு என்று எப்படிச் சொல்வது என்றும் நினைத்தார்.

"எப்படி, தண்ணி நல்லமோ?" என்றார் டி.ஆர்.ஓ.

"ஓம் ஐயா. நல்ல தண்ணி," என்றார் மரியநேசன்.

லிகிதர் அதையும் எழுதிக்கொண்டார்.

அற்புதம் அன்று அந்தப் பைப்பில் பாத்திரம் கழுவவும் தண்ணீர் பிடிக்கவில்லை. வீட்டில் சண்டையும் பிடிக்கவில்லை. விடிகிறபோது எழும்பி, மற்றப் பெண்களோடு வயல் கிணற்றுக்கு நடந்தாள். போக இரண்டரை மைல், வர இரண்டரை மைல். மாரியும் பெய்தது. கிணறு தெளியவில்லை.

தை மாதம் கரைப் பெண்கள் மேலிடத்துக்கு ஒரு மனுப் போட்டார்கள். கடைத்தெருவுக்குப் போகிற பீப்பாய்த் தண்ணீரில் கரைக்கும் ஒரு பங்கு வேண்டும் என்று. மனுவை எழுதியது கோயில் உபதேசியார். முதல் கைநாட்டு அற்புதத்தினுடையது. வழக்கமாக மனு எழுதுகிற மரியநேசனுக்கு யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. ஒரே பாயில் படுக்கிறவளும் சொல்லவில்லை.

பதில் மாசியில் வந்தது, அற்புதத்தின் பெயருக்கு. உபதேசியார் அன்று மன்னாருக்குப் போயிருந்தார். வாசிக்க வேறு ஆளில்லை. பெண்கள் முற்றத்தில் கூடிவிட்டார்கள். அற்புதம் கடிதத்தைப் புருஷனிடம் நீட்டினாள்.

மனுக் கிடைத்தது, கவனமாக ஆராயப்பட்டது, நாலாம் வட்டாரத்துக்குப் பீப்பாய்த் தண்ணீர் வழங்க முடியாது என்று வாசித்தார். அதோடு நிறுத்தித் தாளை மடித்தார்.

அற்புதத்துக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் கண் தெரியும்.

"இன்னும் ரெண்டு வரி கிடக்கு. அதையும் வாசியுங்கோ," என்றாள்.

மரியநேசன் தாளை விரித்தார். வாய் திக்கியது. திரும்பத் தொடங்கினார். அப்படியே வாசித்து முடித்தார்:

"ஏனெனில், உங்கள் வட்டாரத்து அங்கத்தவர் திரு. மரியநேசன் அவர்கள் மேற்படி பைப்பின் தண்ணீரைச் சகலரும் பார்த்திருக்கத் தாமே அருந்தி, அது நல்ல தண்ணீர் என்று உறுதிப்படுத்தியுள்ளார்."

பெண்கள் எழும்பிச் சேலையை உதறிக்கொண்டார்கள். திட்டியிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அற்புதம் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்தாள். வெயில் ஏறுவதற்குள் போய்வரவேண்டும் என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டு படலையைத் திறந்தாள்.