கடல் முள்ளெலியின் சிவப்பு

ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்துக்குத் தெற்குக் கடற்கரையிலிருந்து மூட்டை மூட்டையாகக் கடல் முள்ளெலி ஓடு வரும். உடம்பெல்லாம் முள்ளாக, உருண்டையாகக் கிடக்கும் கடல் பிராணி அது. ஓட்டைப் பொடித்து அமிலம் விட்டால் சோடா மாதிரி நுரைக்கும். நுரை அடங்கினால் கருஞ்சிவப்பாகச் சாயம் இறங்கும். வெளிச்சமும் காற்றும் அதற்கு ஆகாது. பாட்டிலை அலுமினியத் தாளில் சுற்றி வைப்போம். தான் முதலில் கெட்டு, பக்கத்தில் இருப்பதைக் கெடாமல் காப்பது அதன் குணம். வீக்கத்தையும் தணிக்குமாம். வெளிநாடு ஒன்றில் இதைக் கண் மருந்தாகவே கொடுக்கிறார்கள், நாங்களும் அதற்குத்தான் முயல்கிறோம் என்று ஒருநாள் சோறு போடும்போது வீட்டில் சொன்னேன்.

என் கணவர் வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுபவர். சர்க்கரையால் கண்ணுக்குள் ரத்தம் கசிந்ததில், வண்டியிலிருந்து இறக்கி ஸ்டோரில் உட்கார வைத்துவிட்டார்கள். கண்ணில் ஊசி போட வேண்டும், தள்ளிப்போட்டால் பார்வை திரும்பாது என்று டாக்டர் தேதி கொடுத்திருந்தார். அன்றைக்கு இந்த மனிதர் ஓ.டி. வேலை என்று என்னிடம் சொல்லிவிட்டு, ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். ஏன் வரவில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து எனக்குப் போன் வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது.

"கண்ணுல ஊசின்னா பயமா கீது. நீதான் மருந்து செஞ்சிகினு கீறியே, அது வர்ட்டும்னு இருந்தேன்" என்றார்.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "நாங்க எடுக்கறது இன்னும் சோதனை எலி கண்ணுக்கே போவல. அத்த நம்பி குந்திகினு இருந்தா, இருக்கிற கண்ணும் போய்டும்" என்று கத்தினேன். வாய் கத்தியதே தவிர, ஆசை யாரை விட்டது? அந்தப் பாட்டிலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கும் அவர் கண்தான் ஞாபகம் வரும்.

மாமியார் வல்லக்கோட்டை முருகனுக்கு வேண்டிக்கொண்டார். நான் லீவு போட்டு, கணவரை ஸ்கூட்டரின் பின்னால் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்தவர், இவ்வளவுதானா என்று கேட்டார். அங்கேயே முதுகில் நாலு போடலாம் போலிருந்தது.

இன்னும் இரண்டு ஊசி ஆன பிறகு, தூரத்தில் வரும் கம்பெனி பஸ்ஸின் பெயர்ப் பலகையை எனக்கு முந்தி அவர் படித்தார். கம்பெனியில் ஃபோர்க்லிஃப்டை இன்னும் அவரிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

போன வாரம் ஆய்வுக்கூடத்தில் எடுத்த சாயம் அத்தனையும் வெளுத்துப்போனது. இந்த வேலையே வேண்டாம் என்று வீட்டில் புலம்பினேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்:

"எனக்கு ஊசி போதும். ஆனா என்ன மாதிரியே ஊசிக்குப் பயந்துகினு எவனாவது ஒருத்தன் எங்கியாவது டீக்கடைல குந்திகினு இருப்பான். அவனுக்கோசரம் செய்."