ஆறு கண்ணாடி லென்ஸும் சின்னம்மாவின் முகமும்

எங்கள் குடும்பத்தின் துக்க வீட்டுப் புகைப்படம் ஒன்றைக் கெடுத்தவன் நான்தான் என்று இருபத்தைந்து வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். அப்படி நம்புவதில் எனக்கு ஒரு ரகசியப் பெருமையும் இருந்தது. வெட்கக்கேடு அதுதான்.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்குப் பத்து வயது. அம்மாவின் அண்ணன், என் மாமா, விவேக் நகரில் ஸ்டுடியோ வைத்திருந்தார். அவரிடம் இரண்டு பழைய லென்ஸ்கள். ஒன்று நாலு கண்ணாடி வைத்தது. தாலுகா ஆபீஸ் குமாஸ்தா மாதிரி, ஒரு மருவைக்கூட விடாமல் பதிவு செய்யும். மற்றது ரஷ்யாக்காரன் செய்த ஆறு கண்ணாடி. ஒளி நுழையும் துவாரத்தின் வளையத்தை முழுக்கத் திறந்து எடுத்தால் நடுவில் இருப்பவர் மெழுகுவர்த்தி ஏற்றியதுபோல் ஒளிர்வார். ஓரத்தில் இருப்பதெல்லாம் சுழன்று கரைந்துபோகும். கொஞ்சம் மூடினால் அதுவும் ஒழுங்குக்கு வந்துவிடும். மணப்பெண் தனியாக நின்றால் ஆறு, கூட்டம் நின்றால் நாலு என்பது மாமாவின் சட்டம். எனக்கோ அந்தச் சுழல் பைத்தியம். கூட்டத்துக்கும் ஆறையே போடச் சொல்லி வருஷம் முழுக்க நச்சரித்தேன்.

"போடா, காசு குடுக்கறவன் மூஞ்சி தெரியணுமில்ல" என்பார்.

கோலார் தங்கச் சுரங்கத்தில் முப்பது வருடம் இருந்த தாத்தா, அந்த மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். சவப்பெட்டியை மூடுமுன் குடும்பம் சுற்றி நின்று படம் எடுத்துக்கொள்வது எங்கள் வழக்கம். அன்று சின்னம்மாவும் வந்திருந்தார். கன்னடக்காரர் ஒருவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போனவர், ஆறு வருடம் கழித்து அப்போதுதான் வாசல் மிதித்தார். அவர் இருந்த படங்களையெல்லாம் ஆல்பத்திலிருந்து உருவித் தாத்தாவே அடுப்பில் போட்டிருந்தார்.

சின்னம்மா நேராகப் பெட்டியின் தலைமாட்டில் போய் நின்றார்.

"நீ அந்தக் கடைசியில நில்லு" என்றார் மாமா.

"அப்பாவோட எனக்குன்னு ஒரு படம்கூட இல்லண்ணா. இங்கயே நிக்கறேன்."

"ஃபாதர் காத்துட்டிருக்காரு. போ."

போனார். மாமா என்னிடம் கையை நீட்டி, "ஆறு குடு" என்றார். எனக்குத் துக்கமே மறந்துபோனது. என் ரசனை ஜெயித்துவிட்டதே! வெளிச்சம் தாராளமாக இருந்தும் மாமா வளையத்தை முழுக்கத் திறந்தார். அதுவும் என் மேலுள்ள பிரியத்தால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

படம் வந்தது. தாத்தாவின் மூக்குப் பஞ்சு இழை இழையாகத் தெரிந்தது. வரிசையின் கடைசியில், வெள்ளைப் புடவைக்கு மேலே, விரலால் இழுத்துவிட்ட சுண்ணாம்பு மாதிரி ஒரு தடம். சின்னம்மா ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டு போனார். நான் நச்சரித்ததால்தான் இப்படி ஆயிற்று என்று கழிப்பறையில் உட்கார்ந்து அழுதேன். மாமா என்னைத் திட்டாதது ஏன் என்று மட்டும் புரியவில்லை.

மாமாவும் போன பிறகு, பழைய லென்ஸ்களை வாங்கிக் குவித்துப் பிரித்துப் பார்க்கும் வியாதி எனக்கும் வந்தது. அப்போதுதான் உறைத்தது. போன வருடம் ஆடுகோடியில் இருக்கும் சின்னம்மா வீட்டுக்குப் போய், செய்தித்தாள் ஓரத்தில் ஆறு கண்ணாடியையும் வரைந்து, ஓரத்து முகம் எப்படிக் கரைகிறது, மூடி எடுத்திருந்தால் எப்படித் தப்பியிருக்கும் என்று அரைமணி நேரம் விளக்கினேன். ஆக, மாமா தெரிந்தேதான் செய்தார் என்று துப்பறிவாளன் மாதிரி முடித்தேன்.

சின்னம்மா நான் வரைந்ததை ஒரு தடவை பார்த்தார்.

"ஹௌதா, அப்படியா? இதுக்கு இவ்வளவு படிச்சியாடா? அண்ணன் எடுக்கும்போதே எனக்குத் தெரியும். டீயைக் குடி."