ரீத்தம்மாள் வேடம்

லிப்ஸ்டிக்கையும் வேசலினையும் உள்ளங்கையில் குழைத்தால் கெட்டியான ஓர் இனிப்பு வாசனை எழும். மலேசியாவின் கிள்ளானில் எங்கள் மாதா கோவில் மண்டபத்துக்குப் பின்னால், மின்விசிறிகூட இல்லாத ஒரு சின்ன அறையில், அந்தக் குழைவைத் தீக்குச்சி முனையால் தொட்டு ஸ்டெல்லா சித்தியின் நெற்றியில் வைப்பார்கள். சிலுவையில் இருந்த இயேசுவின் முள்முடியிலிருந்து பறந்து வந்த முள் புனித ரீத்தம்மாளின் நெற்றியில் தைத்த காயம் அது.

ஆண்டுதோறும் திருவிழா வாரத்தில் ஒரு மாலை எங்கள் தமிழ்ச் சபை அந்த நாடகத்தைப் போடும். ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர், எல்லாருக்கும் அவர் 'மாஸ்டர்', வசனத்தையும் பாட்டையும் எழுதியிருந்தார். இத்தாலி நாட்டுப் பிரபுக்கள் பிரிக்பீல்ட்ஸ் சேலைக்கடையில் வாங்கிய ஜரிகைக் கரை தைத்த ஜிப்பாவில் வந்து விருத்தம் பாடுவார்கள். அது எங்களில் யாருக்கும் வேடிக்கையாகத் தோன்றியதில்லை. கதை எல்லாருக்கும் மனப்பாடம். ரீத்தாவை ஒரு முரடனுக்குக் கட்டி வைக்கிறார்கள். அவன் அடிக்கிறான்; அவள் பொறுத்து, செபித்து, அவனை மனம் திருப்புகிறாள். திருந்திய அவனைப் பகைவர்கள் கொன்றுவிட, மகன்கள் இருவரும் பழிவாங்கக் கிளம்புகிறார்கள். அந்தப் பாவத்தைச் செய்வதற்குள் அவர்களை எடுத்துக்கொள்ளும் ஆண்டவரே என்று தாய் மன்றாட, பிள்ளைகள் நோயில் இறந்துபோக, அவள் கன்னியர் மடத்தில் சேர்ந்து புனிதையாகிறாள்.

ஒரு வருஷம் பையன்கள் கிடைக்காததால், பத்து வயதுப் பெண்ணான எனக்கு மீசை வரைந்து இளைய மகனாக்கினார்கள். அம்மாவின் தங்கையான ஸ்டெல்லா சித்திதான் ரீத்தம்மாள். சித்திக்குக் குழந்தை இல்லை. ஒத்திகையில் நான் அவள் மடியில் செத்துக் கிடக்க, 'மகனே' என்று அவள் பாடும்போது அவள் வயிறு அதிர்வது என் கன்னத்தில் தெரியும். எந்த அம்மாவாவது பிள்ளை சாகணும் என்று வேண்டிக்கொள்வாளா என்று ஒருநாள் கேட்டேன். சித்தி என் மீசையைத் துடைத்துக்கொண்டே, "கதையில அப்படித்தான் இருக்கு கண்ணு. நானா இருந்தா கேட்டிருக்க மாட்டேன்" என்றாள்.

தாஸ் சித்தப்பா துறைமுகத்திலிருந்து கண்டெய்னர் லோரி ஓட்டினார். குடிக்காத நாளிலும் அடிப்பார். எங்களுக்கு அது பழகிப்போன செய்தி. ஒரு துணிப்பையோடு சித்தி எங்கள் வீட்டுக் கேட்டருகில் வந்து நிற்பதும், அம்மா அவள் முகத்துக்கு ஐஸ் ஒற்றுவதும், வேலைவிட்டு வரும் அப்பா அவளைக் காரில் ஏற்றித் திரும்பக் கொண்டுபோய் விடுவதும் அடிக்கடி நடந்தன. அப்பா கோவில் கமிட்டித் தலைவர். கெட்டவரல்ல, குரலைக்கூட உயர்த்த மாட்டார். "ரீத்தம்மா பொறுக்கலையா? நீ அவங்க வேஷம் போடறவ. பொறும்மா, அவன் மாறுவான்" என்பார். மாஸ்டரும் அதையே சொன்னார், செபக்கூட்டப் பெண்களும் அதையே சொன்னார்கள். அம்மா சோற்றைக் கட்டி சித்தியின் பைக்குள் வைப்பாள்.

கடைசி ஒத்திகைக்குச் சித்தி வந்தபோது நெற்றியில் நிஜமாகவே பிளந்திருந்தது. கதவில் இடித்துக்கொண்டதாகச் சொன்னாள். மாஸ்டர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இந்த வருஷம் மேக்கப் வேணாம் லா, ஸ்டெல்லா" என்றார். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சித்தியும் சிரித்தாள்.

திருவிழா மாலையில் சித்தப்பா முன்வரிசையில், வெள்ளைச் சட்டை போட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரீத்தாவின் கணவனாக நடித்தவர் பேக்கரியில் வேலை செய்யும் சாதுவான அண்ணன். அவர் பயந்து பயந்துதான் கையை ஓங்கினார். அடி படுவதற்கு முன்பே சித்தி விழுந்தாள், இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு, முழங்காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு. ஒத்திகையில் அவள் அப்படி விழுந்ததே இல்லை. பிறகு பின்வரிசைப் பெண்கள் ஒவ்வொருவராகத் தலையைத் திருப்பிச் சித்தப்பாவைப் பார்க்கத் தொடங்கினார்கள். யாரோ ஓர் ஆன்டி, "நடிப்பா அது?" என்று கேட்டது மேடை வரைக்கும் கேட்டது. சித்தப்பாவின் கழுத்து சிவந்ததை நான் திரை ஓரத்திலிருந்து பார்த்தேன். இறக்கும் காட்சியில் சித்தியின் கண்ணீர் என் காதுக்குள் இறங்கியது. பிணம் அசையக் கூடாது என்பதால் அசையாமல் கிடந்தேன்.

நாடகம் முடிந்ததும் சித்தி உடைகூட மாற்றாமல் அம்மாவிடம் வந்தாள். "அக்கா, இன்னிக்கு ஒரு நாள் உங்க வீட்ல படுத்துக்கறேன்."

அம்மா அப்பாவைப் பார்த்தாள்.

"திருவிழா நேரத்துல நாலு பேரு என்ன பேசுவாங்க?" என்றார் அப்பா. "அவன் கார் பார்க்ல காத்துக்கிட்டு இருக்கான். போம்மா. நாளைக்கு நானே வந்து பேசறேன்."

சித்தி என்னிடம் குனிந்து, மீசையை நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் நாங்கள் பூசைக்குப் புறப்படும்போது போலீஸ்காரர்கள் வந்தார்கள். சித்தி படியில் தவறி விழுந்து இறந்துவிட்டாள் என்று சித்தப்பா சொல்லியிருந்தார். அடுத்த வீட்டு மலாய்க்கார அம்மா, சுவருக்கு அந்தப் பக்கம் தான் கேட்டதையெல்லாம் போலீஸில் சொன்னார். எங்கள் ஆட்களில் யாரும் வாய் திறப்பதற்கு முன்னால் சொன்னவர் அவர்தான். சித்தப்பா சிறைக்குப் போனார். நாங்கள் அவரை மறுபடி பார்க்கவில்லை.

அடக்கப் பூசையில் பாதர் கண் கலங்கப் பேசினார். ஸ்டெல்லா நம் நடுவில் வாழ்ந்த ரீத்தம்மாள், பொறுமையின் முடியை இப்போது சூடியிருக்கிறாள் என்றார். அப்போது அம்மா எழுந்து நின்றாள். அம்மா கோவிலில் உரக்கப் பேசி அதுவரை நான் கேட்டதில்லை.

"என் தங்கச்சிய புனிதைனு சொல்லாதீங்க பாதர். அவ பொறுக்கல. பொறுக்க முடியாமதான் பைய எடுத்துக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்தா. ஒவ்வொரு தடவையும் நாங்கதான் திருப்பி அனுப்பினோம்."

அப்பா பெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார். அந்த மாதமே கமிட்டியிலிருந்து விலகிவிட்டார். அதற்குப் பின் சாகும்வரை சித்தியின் பெயரை அவர் உச்சரித்து நான் கேட்கவில்லை.

நாடகம் அதோடு நின்றது. நிறுத்தச் சொல்லி யாரும் தீர்மானம் போடவில்லை. அடுத்த வருஷம் வேடம் போட ஒரு பெண்ணும் முன்வரவில்லை, அவ்வளவுதான். மண்டபம் இருந்த இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. மாஸ்டரின் விருத்தங்களைப் பாடத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். எனக்கே முதல் இரண்டு அடிக்குமேல் நினைவில்லை. சித்தியின் குரலை யாரும் பதிவு செய்து வைக்கவுமில்லை.

அம்மா இப்போது என்னோடு பூச்சோங்கில் இருக்கிறாள். போன மாதம், செபக்கூட்டத்துக்கு வரும் ஓர் இளம்பெண், கைக்குழந்தையோடும் வீங்கிய உதட்டோடும் மத்தியானத்தில் வந்து நின்றாள். அம்மா எதையும் கேட்காமல் கேட்டைத் திறந்தாள். சாப்பிட்டு முடித்ததும் அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"ரீத்தம்மாவுக்கு நவநாள் வேண்டிக்கிட்டு இருக்கேன் ஆன்டி. அவரு மாறிடுவாரு. நான் கிளம்பறேன்."

அம்மா குழந்தையை அவள் கையிலிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"வேண்டிக்கோம்மா," என்றாள். "இங்கேயே இருந்து வேண்டிக்கோ."