தனபாக்கியத்தின் நத்தைச் சீட்டு

இல்லை, தனபாக்கியம் சாப்பாட்டுப் பிரியர் இல்லை. மதியம் டிபன் பாக்ஸில் பழைய சோறும் ஒரு துண்டு நார்த்தங்காயும் இருக்கும். ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார். உலகத்தில் யார் என்ன சாப்பிடுகிறார்கள், அதை என்னவென்று சொல்கிறார்கள் என்று கேட்பதுதான் அவருக்குப் பிடித்தது.

அவருடைய கருமாதிப் பத்திரிகை புதன்கிழமை வந்தது. ஓரத்தில் கறுப்புக் கோடு. என் திருச்சி முகவரியை எப்படியோ கண்டுபிடித்து அவருடைய தம்பி அனுப்பியிருந்தார். அதற்குள் பதினாறாம் நாளும் முடிந்திருந்தது. அவரோடு வேலை பார்த்த உங்களில் பலருக்கும் இப்படித்தான் தெரியவந்திருக்கும்.

தஞ்சாவூர் தெற்கு வீதியில் அந்த மாடி அலுவலகம். உலக உணவுகளுக்கு ஓர் அகராதி தொகுத்துக்கொண்டிருந்தோம். நான் குறிப்பு எழுதுபவள், அவர் தட்டச்சர். ஆட்சி மாறி, எல்லாவற்றுக்கும் தமிழ்ப் பெயர் தேடிய காலம். ரஷ்யர்கள் ரொட்டியை ஊறவைத்துப் புளிக்கவிட்டுக் குடிக்கும் குவாஸுக்கு நம் பதிப்பாசிரியர் 'ரொட்டிப் புளிநீர்' என்று பெயர் வைத்தார்.

தனபாக்கியம் தட்டுவதை நிறுத்தினார்.

"சார், அந்த ஊருக்குப் போயி ரொட்டிப் புளிநீர் ஒரு கிளாஸ் குடுங்கன்னா குடுப்பாங்களா?"

"ஏம்மா, நீ ரஷ்யா போகப்போறியா?"

"நான் எங்க சார் போறேன். படிச்சிட்டு யாராவது போனா தாகத்தோட நிக்கக் கூடாதில்ல?"

குவாஸ் என்றே அச்சானது. தனபாக்கியம் அதோடு விடவில்லை. பேக்கரியில் முந்தைய நாள் ரொட்டி வாங்கி, கொஞ்சம் வெல்லம் சேர்த்து, அலுவலகத்து மண்பானையில் ஊறவைத்தார். மூன்றாம் நாள் இருவரும் குடித்தோம். கண்ணை மூடி யோசித்தார். "நம்ம நீராகாரம் மெட்ராஸ் போயி எம்.ஏ. படிச்சிட்டு வந்த மாதிரி இருக்குங்க, வசந்தா." மெட்ராஸ் போய் எம்.ஏ. படித்துவிட்டு வந்தவள் நான்.

ஓர் உணவுக்கு ஒரு சீட்டு. ஒவ்வொன்றையும் தட்டும் முன் மூன்று கேள்விகள் கேட்பார். யாரு பொறுக்குவாங்க? யாரு ஆக்குவாங்க? எப்ப ஆசைப்படுவாங்க? எத்தியோப்பியாவின் புளித்த மாவுத் தோசையான இஞ்செராவுக்கு மாவரைப்பது யார் என்று என் புத்தகங்களில் தேடினேன். இல்லை. "அப்ப பாதிதான் எழுதியிருக்கீங்க" என்றார்.

பிறகு நத்தை.

பிரான்ஸின் நத்தை உணவைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதினேன். பூண்டு, வெண்ணெய், ஓட்டிலிருந்து சதையை எடுக்க ஒரு சிறிய முள்கரண்டி. அதன் பெயர் எஸ்கார்கோ. சொல்லிப் பார்க்கவே சுகமாக இருந்தது. தனபாக்கியம் பிழையில்லாமல் தட்டித் தந்தார். அதனடியில் இன்னொரு சீட்டும் இருந்தது. 'நத்தைக் கறி. சீர்காழிப் பக்கம். நடவாட்கள் வயலில் பொறுக்கியது. கொதிநீரில் போட்டு, கருவேல முள்ளால் சதையை எடுத்து, உப்புப் போட்டு வழுவழுப்புப் போக அலசி, பெண்கள் மிளகும் சின்ன வெங்காயமும் அரைத்து ஆக்குவார்கள். மழை விட்ட மறுநாள்.'

"இது பஞ்சத்துக்குச் சாப்பிடறதுங்க. இதுல சேராது" என்றேன்.

"பஞ்சத்துக்கு யாருங்க மிளகு அரைப்பாங்க? மழை விட்டா எங்கம்மாவுக்கு நாக்கு ஊறும். கரையேறும்போது மடியில கட்டிக்கிட்டு வரும்."

அந்த வாரம் சீர்காழிப் பக்கம் கூலிப் போராட்டம். நடவு நின்றிருந்தது. வேலைக்கு இறங்காதவர்கள் வாய்க்காலிலும் இறங்கக் கூடாது, நத்தை நண்டு எதையும் தொடக் கூடாது என்று நிலக்காரர்கள் கரையில் ஆள் நிறுத்தியிருந்தார்கள். அவர்களில் என் அப்பா ஒருவர். தனபாக்கியத்தின் அம்மா நடவு நட்டது எங்கள் வயலில். எங்கள் இருவருக்கும் இது தெரியும். பேசிக்கொண்டதில்லை.

நத்தை உணவு என்று என் கையெழுத்தில் ஏறிவிட்டால், அப்பா ஒரு வீட்டின் அடுப்பை அணைத்தார் என்று ஆகிவிடும். இப்போது எழுத முடிகிறது. அன்று முடியவில்லை. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பது என் பொறுப்பு. சீட்டின் மூலையில் 'வேண்டாம்' என்று எழுதினேன்.

அவர் பார்த்தார். "பிரெஞ்சுக்காரன் தின்னா ஒன்னரைப் பக்கம்" என்றார். சிரித்தாரா, நினைவில்லை. சீட்டை என் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார். மறுநாள் வழக்கம்போல் வந்து உட்கார்ந்து கேட்டார்: "இன்னிக்கு எந்த ஊருங்க?"

அகராதி நத்தைக் கறி இல்லாமல் வெளிவந்தது.

இப்போது இரண்டாம் பதிப்புக்குத் திருத்தங்கள் கேட்டிருக்கிறார்கள். அவருடைய மூன்று கேள்விகள் என்னிடம் இருக்கின்றன. அந்தச் சீட்டும் இருக்கிறது. எடுத்து வைத்துக்கொண்டு கேட்டுப் பார்த்தேன். யார் பொறுக்குகிறார்கள், யார் ஆக்குகிறார்கள், எப்போது ஆசைப்படுகிறார்கள். மூன்றுக்கும் அதில் பதில் இருந்தது. என் ஒன்றரைப் பக்கத்தில் ஒன்றுக்கும் இல்லை. அவர் எழுதாமல் விட்டது ஒன்றே ஒன்று: நத்தை எவ்வளவு நேரம் கொதிக்க வேண்டும்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் சீர்காழி போய், அங்கிருந்து அவர் ஊருக்கு நடந்தேன். அவருடைய அம்மா வாசலில் உட்கார்ந்திருந்தார். யார் வீட்டுப் பெண் என்று கேட்டார். அப்பாவின் பெயரைச் சொன்னேன். வந்த காரியத்தையும் சொன்னேன்.

"நிமிஷமெல்லாம் எனக்குத் தெரியாது" என்றார். "நத்தை ஓட்டு வாயில இருக்கற மூடி தானா கழண்டா எறக்கிடணும்."

அதைச் சீட்டில் எழுதிக்கொண்டேன். 'வேண்டாம்' என்பதை அடித்தேன். எழுதியவர் தனபாக்கியம் என்று கீழே பெயர் போட்டு, சீர்காழித் தபால் நிலையத்தில் அகராதி அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டுப் பஸ் ஏறினேன்.