பால்சுறாவும் வெள்ளரிக்காயும்

அம்மா என் இடுப்பில் முழங்காலை ஊன்றி, பழைய நூல்சேலையைச் சுற்றி இறுக்கும்போது எனக்குக் கண் பிதுங்கும். பிள்ளை பெற்ற வயிறு தொங்கிப்போகாமல் இருக்கக் கட்ட வேண்டுமாம். கட்டிய கையோடு, கிளிஞ்சல்மேட்டு மீன்காரம்மாவிடம் வாங்கிய பால்சுறாவை அவித்து உதிர்த்து, பூண்டை அள்ளிப் போட்டுப் புட்டாகக் கிளறி, மலை மாதிரி சோற்றோடு என் முன்னால் வைப்பாள். சுறா தின்றால் பால் ஊறும். வெளியே இறுக்கு, உள்ளே திணி, இதுதான் அம்மாவின் வைத்தியம். நடுவில் மாட்டிக்கொண்டு நான் மூச்சுமுட்டிக் கிடப்பேன்.

பிரசவத்துக்குக் கோவில்பத்தில் அம்மா வீட்டில்தான் இருந்தேன். என் கணவர் திருமலைராயன்பட்டினத்திலிருந்து ஞாயிறுதோறும் பைக்கில் வந்து மகனைப் பார்த்துவிட்டுப் போவார். ஒரு ஞாயிறு என்னை மேலும் கீழும் பார்த்தவர், "அத்தை, மகள நல்லா தேத்திட்டீங்க. பைக் தாங்குமான்னு தெரியல" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பிடுங்கிக் கீழே போட்டு மிதிக்க வேண்டும் போலிருந்தது.

அன்றைக்கே போனில் தேடி ஓர் உணவுத் திட்டத்தைப் பிடித்தேன். காலையில் வெந்நீர், மதியம் வெள்ளரிக்காய், ராத்திரி கொள்ளுக் கஞ்சி. சோறு கண்ணில் படக்கூடாது. பால் கொடுப்பவள் இதைச் செய்யலாமா என்று அதில் ஒரு வரிகூட இல்லை. இருந்திருந்தாலும் படித்திருக்க மாட்டேன்.

அம்மா இரண்டு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். பிறகு ஒரு மதியம் என் தாடையை அழுத்திப் பிடித்து, புட்டை உருட்டி வாய்க்குள் திணித்தாள். கடித்தேன். புட்டை அல்ல, விரலை. ரத்தம் வந்தது. மறுகையால் அவள் விட்ட அறையில் என் காது கொய்ங்கென்றது. நான் தட்டை எட்டி உதைத்தேன். சுவரெல்லாம் சுறா.

"நீ பட்டினி கெடந்து சாவுடி. எம் பேரப்புள்ளைய ஏண்டி கொல்லுற?"

பால் வற்றிக்கொண்டுதான் இருந்தது. மகன் சப்பிப் பார்த்து, வராமல் போக, தலையால் முட்டி, முகம் கறுக்க அலறினான். எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் 'பைக் தாங்குமா' என்பது அதைவிடச் சத்தமாகக் காதில் கேட்டது.

அடுத்த ஞாயிறு, கட்டுப்போட்ட விரலோடு அம்மா மருமகனுக்குச் சோறும் சுறாப்புட்டும் பரிமாறினாள். அவர் பிசைந்துகொண்டே என்னைப் பார்த்து, "இப்பதான் ஆளாட்டம் இருக்க. இப்படியே மெயின்டெயின் பண்ணு" என்றார். உள்ளே மகன் பசியில் வீறிட்டான்.

"ஏன் இப்படிக் கத்துறான்? பால் குடுக்கலியா?" என்றார், வாய் நிறையச் சோற்றோடு.

அவர் தட்டை வெடுக்கென்று என் பக்கம் இழுத்தேன். "ஏய், என்ன பண்ற?" என்று கை நீட்டினார்.

"தட்டுல கைய வச்சீங்கன்னா ஒடிச்சிருவேன்."

அவர் பிசைந்து வைத்திருந்ததை அள்ளி அள்ளித் தின்றேன். வயிற்றுக் கட்டு இறுக்கியது. அவிழ்த்து அவர் மூஞ்சியில் விட்டெறிந்தேன். அம்மா எனக்கு இன்னும் இரண்டு கரண்டி சோறு வைத்தாள். அவர் கையைக் கழுவிவிட்டுப் பைக் சாவியைத் தேடினார். என் சாப்பாட்டைப் பற்றியோ உடம்பைப் பற்றியோ அதற்குப் பிறகு அவர் வாயைத் திறந்ததில்லை.

மகனைத் தூக்கி மடியில் போட்டேன். நெடுநேரம் இழுத்த பிறகு பால் இறங்கியது. அவ்வளவு நேரம் காக்க வைத்த ஆத்திரத்தில் பல்லில்லாத ஈறால் அவன் ஒரு கடி கடித்தான். உயிர் போகிற வலியில் அலறினேன்.

அம்மா கட்டுப்போட்ட விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"உம் புள்ளதான்டி. சந்தேகமே இல்ல."